கௌவர் கரைக்குப் போகுமுன்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வேல்ஸ் நாட்டின் ஸ்வான்ஸியில் படிப்பும் அறையும் தோழிகளும் நன்றாக அமைந்ததில் பெரியம்மாவுக்கும் எனக்கும் நிம்மதி. விடுமுறையில் கௌவர் தீபகற்பத்தைச் சுற்றிப் பார்க்கப் போவதாக எழுதியிருந்தாய். எங்கே நின்றால் காட்சி நன்றாக இருக்கும் என்று கேட்டிருந்தாய். அங்கே வேலை பார்த்த காலத்தில் அந்தக் கரையில் நிறைய நடந்தவன் என்பதால் இடங்களைச் சொல்லிவிடுவேன். ஆனால் அந்தக் கரையைப் பொறுத்தவரை, எங்கே போகிறாய் என்பதை அடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். எப்போது போகிறாய் என்பதை முதலில் முடிவு செய்.

நீ மெரினாவைப் பார்த்து வளர்ந்தவள். அங்கே கடல் ஏறுவதும் வற்றுவதும் பெரிய ஓத நாளில்கூட ஒரு மீட்டரை ஒட்டித்தான் இருக்கும். கரையில் சுண்டல் தின்றுகொண்டிருப்பவர் கவனிக்கவே மாட்டார். ஸ்வான்ஸிக் கடல் அப்படியல்ல. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாள்களில் அங்கே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே நீர்மட்டம் 8 மீட்டருக்கு மேல் மாறுகிறது. இரண்டு மாடி வீடு மூழ்கும் உயரம் அது. காலையில் நீ மணலில் நடந்த இடத்தில் மாலையில் படகு போகும்.

இதற்குக் காரணம் பிரிஸ்டல் கால்வாயின் வடிவம். அட்லாண்டிக்கிலிருந்து வரும் ஓதம் அகன்ற வாய் வழியாக உள்ளே நுழைகிறது. கிழக்கே போகப் போக இரு கரைகளும் நெருங்குகின்றன, ஆழமும் குறைகிறது. அத்தனை நீருக்கும் மேலே எழும்புவதைத் தவிர வழி இல்லை. ஊஞ்சலைச் சரியான நேரம் பார்த்துத் தள்ளினால் வீச்சு கூடிக்கொண்டே போகுமல்லவா, அப்படி அந்தக் கால்வாயின் நீளமும் ஆழமும் ஓதத்தின் தாளத்தோடு இசைந்து போவதும் ஒரு காரணம். இன்னும் கிழக்கே, செவர்ன் கழிமுகத்தில் இந்த ஏற்ற இறக்கம் 14 மீட்டர்வரை போகிறது. உலகில் மிகச் சில இடங்களில்தான் அதைவிடப் பெரிய ஓதம் உண்டு.

ஆகவே முதல் வேலை, மம்பிள்ஸ் என்ற ஊருக்கான ஓத அட்டவணையைப் பார்ப்பது. ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம் என்று நேரமும் உயரமும் போட்டிருக்கும். வற்றத்தின் உயரம் 1 மீட்டரை ஒட்டி இருந்தால் கடல் வெகுதூரம் உள்வாங்கும் நாள் அது. 3 மீட்டர் என்றிருந்தால் பாதிக் கரைதான் வெளியே தெரியும். இன்னொன்றையும் பார். சில அட்டவணைகள் கிரீன்விச் நேரத்தில் இருக்கும். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறுவரை அங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அந்த ஒரு மணியைக் கூட்டிக்கொள்ள மறந்தால் கணக்கு முழுவதும் தப்பிவிடும். கடல் ஏறுவதும் ஒரே வேகத்தில் இல்லை. முதல் மணி நேரத்தில் மெதுவாக ஏறும். மூன்றாவது, நான்காவது மணி நேரத்தில் மட்டும் மொத்த உயரத்தில் பாதி ஏறிவிடும். பெரிய ஓத நாளில் அது நிமிடத்துக்கு மூன்று சென்டிமீட்டருக்கும் மேல். தட்டையான மணலில் அந்த மூன்று சென்டிமீட்டர் எவ்வளவு தூரத்தை விழுங்கும் என்று யோசித்துப் பார்.

கௌவரில் ஒரு வசதி உண்டு. பெரிய ஓத நாள்களில் அங்கே வற்றம் பெரும்பாலும் நண்பகலை ஒட்டியே வரும். ஸ்வான்ஸியில் காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு பேருந்து ஏறினால் ரொசிலி என்ற ஊருக்குச் சரியான நேரத்தில் போய்ச் சேரலாம்.

ரொசிலியில் இறங்கியதும் எல்லோரும் கடற்கரைக்கு ஓடுவார்கள். நீ முதலில் ரொசிலி டவுன் குன்றின் மேல் ஏறு. 193 மீட்டர்தான், கௌவரில் அதைவிட உயரமான இடம் இல்லை. மேலே ஏறி மேற்கே திரும்பி நில். காலடியில் ஐந்து கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே வளைவாக மணல். இடது கோடியில் கடலுக்குள் நீண்டு கிடக்கும் சாம்பல் நிறப் பாறைத்தொடர், வோர்ம்ஸ் ஹெட். வலது கோடியில் பரி ஹோம்ஸ் என்ற குட்டித் தீவு. அதுவும் வற்றத்தில் கரையோடு ஒட்டிக்கொள்ளும்.

அங்கிருந்து எல்லோர் படத்திலும் விழுவது, குன்றுக்கும் மணலுக்கும் நடுவே தன்னந்தனியாக நிற்கும் ஒரு வெள்ளை வீடு. ஒரு காலத்தில் பாதிரியாரின் வீடு. நீ வீட்டைப் பார்த்த பிறகு அது நிற்கும் தரையைப் பார். குன்றின் அடிவாரத்தில் பச்சைத் திண்ணையாக ஒரு மேடை கரையோடு நெடுக ஓடும். பனியுகத்தில் உறைந்தும் இளகியும் உடைந்த கல்லும் மண்ணும் சேறாகிக் குன்றிலிருந்து மெல்ல வழிந்து கீழே தேங்கியதால் உண்டானது அது. அதன் விளிம்பைக் கடல் இன்றும் அரித்துக்கொண்டிருக்கிறது. நீ நிற்கும் குன்று பழைய செம்மணற்கல். தெற்கே தெரியும் பாறைமுகங்கள் அதற்குப் பின் வந்த சுண்ணாம்புக்கல். இரண்டின் நிறமும் வடிவமும் வேறு. செம்மணற்கல் உருண்டு திரண்டு நிற்கும், சுண்ணாம்புக்கல் நறுக்கென்று வெட்டி நிற்கும். இந்த ஒரு வித்தியாசத்தைக் கண் பழகிக்கொண்டால் கௌவர் முழுவதும் உனக்குப் புரிந்துவிடும்.

மணலுக்கு இறங்கினால் வற்றத்தில் ஒரு கப்பலின் எலும்புக்கூடு தெரியும். ஹெல்வெஷியா என்ற நார்வே நாட்டு மரக்கப்பல். 1887 நவம்பர் 1 அன்று புயல் அதை இங்கே கொண்டுவந்து தள்ளியது. மணலில் நட்டு வைத்த மாதிரி நிற்கும் அந்த ஓக் விலாக்கட்டைகளைத் தொட்டுப் பார்க்கலாம். ஆடி வரும் கடலை நூறாண்டுக்கும் மேலாகத் தாங்கி நிற்கிறது அந்த மரம்.

இனி வோர்ம்ஸ் ஹெட். கரைக்கும் அதற்கும் இடையே உள்ள பாறைத்தளம் வற்றத்துக்கு முன்னே இரண்டரை மணி, பின்னே இரண்டரை மணி, ஆக ஐந்து மணி நேரம்தான் திறந்திருக்கும். கடல் கொந்தளிப்பாக இருந்தால் அதுவும் குறையும். நடைபாதை என்று எண்ணிவிடாதே; பாதை என்று ஒன்றுமே இல்லை. சாய்ந்த பாறை அடுக்குகள், இடையிடையே நீர்க்குட்டைகள், காலை இடறும் சிப்பிக் கூட்டங்கள், உள்ளங்கையைச் சிராய்க்கும் கொட்டலசுகள். நல்ல பிடிப்புள்ள காலணி இல்லாமல் போகாதே. கை ஊன்றித்தான் பல இடங்களைக் கடக்கவேண்டும்.

அப்படிக் கை ஊன்றும் இடத்தில் கொஞ்சம் நின்று கல்லை உற்றுப் பார். நனைந்த சாம்பல் நிறப் பாறையில் சிறு வட்டத் துண்டுகள் சில இடங்களில் பதிந்திருக்கும். சிலவற்றின் நடுவில் துளைகூட இருக்கும். கடல் அல்லி என்று சொல்லும் உயிரினத்தின் தண்டுத் துண்டுகள் அவை. பெயர்தான் அல்லி, அது பூவல்ல, நட்சத்திர மீனுக்கு உறவான விலங்கு. 30 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு இந்த நிலப்பகுதி பூமத்திய ரேகையை ஒட்டி, வெதுவெதுப்பான ஆழமற்ற கடலுக்கு அடியில் கிடந்தது. அந்தக் கடலில் வாழ்ந்தவற்றின் ஓடுகளும் தண்டுத் துண்டுகளும் படிந்து இறுகியதுதான் நீ கை ஊன்றும் கல். குளிரில் விரல் விறைத்துப் போகும் அந்த இடத்தில் இதை நினைத்துப் பார்ப்பது எனக்கு எப்போதும் பெருமகிழ்ச்சி தந்திருக்கிறது.

அந்தப் பக்கம் போனால் முதலில் தட்டையான புல்மேடு, அதன் பிறகு டெவில்ஸ் பிரிட்ஜ் என்ற இயற்கைப் பாலம், கடைசியில் தலைதூக்கி நிற்கும் வெளிப்பாறை. அலை அறுத்துக் குடைந்ததில் கூரை மட்டும் மிஞ்சியதுதான் அந்தப் பாலம். கடற்பறவைகள் குஞ்சு பொரிக்கும் காலமான மார்ச் முதல் ஆகஸ்ட் முடிய வெளிப்பாறைக்குப் போகக் கூடாது. அதை மதித்து நட. சாம்பல்நிற சீல்கள் கீழே பாறைகளில் கிடக்கும். மேலேயிருந்து பார், அருகே போகாதே.

வற்றம் முடிந்து கடல் திரும்பத் தொடங்கும்போதே நீயும் திரும்பத் தொடங்கு. கடைசி அரைமணிக்கென்று விட்டுவைக்காதே. ஒருவேளை மாட்டிக்கொண்டால் பாறைத்தளத்தில் முழங்கால் அளவு நீர்தானே என்று இறங்கிவிடாதே. அங்கே இழுப்பு பலம். மேட்டிலேயே உட்கார்ந்து 999-ஐ அழைத்துக் கடலோரக் காவல்படை வேண்டும் என்று சொல். கரையில் ஒரு கண்காணிப்பு நிலையம் இருக்கிறது. அங்கே தன்னார்வலர்கள் பணியில் இருப்பார்கள். போகும்போதே அவர்களிடம் நேரம் கேட்டு உறுதி செய்துகொள். கேட்பதில் வெட்கம் எதற்கு?

தெற்குக் கரையில் பேவிலண்ட் குகை இருக்கிறது. வற்றத்தின்போது மிகக் குறுகிய நேரமே கீழிருந்து அடைய முடியும், வழியும் ஆபத்தானது. தெரிந்தவர் துணை இல்லாமல் நீ இறங்கவேண்டாம். பாறை உச்சியிலிருந்து அந்தக் கரையைப் பார்த்தாலே போதும். 1823-இல் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த வில்லியம் பக்லண்ட் அங்கே செங்காவி பூசிய ஓர் எலும்புக்கூட்டைக் கண்டெடுத்தார். ரோமானியர் காலத்துப் பெண் என்று முடிவு கட்டினார். உண்மையில் அது ஓர் இளைஞனின் உடல். சுமார் 33,000 ஆண்டுகள் பழையது. உடலோடு தந்தக் குச்சிகளையும் துளையிட்ட சிப்பிகளையும் வைத்துப் புதைத்திருக்கிறார்கள். அப்போது அந்தக் குகை கடலோரமே அல்ல. கடல் ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தள்ளி இருந்தது. குகை வாயிலில் நின்றவர்கள் கண்டது விலங்குகள் மேயும் பரந்த சமவெளியை. இன்று நாம் கடற்காட்சி என்று சொல்வது அவர்களுக்கு இல்லை.

த்ரீ கிளிஃப்ஸ் பே பற்றி நீயே படித்திருப்பாய். அழகுதான், கூட்டமும் அதிகம். பென்னர்டு கோட்டைச் சிதைவுகளின் பக்கமிருந்து பார், அதுதான் சரியான கோணம். மூன்று கூரிய பாறைகளும் வளைந்தோடும் ஓடையும் ஒரே பார்வையில் விழும்.

அடுத்து நேரம் கிடைத்தால் மேற்கே பெம்ப்ரோக்‌ஷயருக்குப் போ. அங்கே கிரீன் பிரிட்ஜ் என்ற சுண்ணாம்புக்கல் வளைவு கடலுக்குள் கால் ஊன்றி நிற்கிறது; 24 மீட்டர் உயரம். 2017 அக்டோபரில் ஒஃபீலியா புயல் அதிலிருந்து ஒரு பெரிய துண்டைப் பிய்த்துக்கொண்டு போனது. பழைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். என்றாவது ஒருநாள் வளைவு முழுவதும் விழும். அப்போது கடலுக்குள் தனித்தூண் ஒன்று மிஞ்சும். பக்கத்திலேயே நிற்கும் ஸ்டாக் ராக்ஸ் தூண்கள் அப்படி மிஞ்சியவைதாம். அந்தப் பகுதி ராணுவத்தின் துப்பாக்கிச் சுடும் பயிற்சிக் களத்துக்குள் இருப்பதால், திறந்திருக்கும் நாளா என்று பார்த்துக்கொண்டு போ.

எங்கே போனாலும் இரண்டு விஷயங்களில் கண்டிப்பாக இரு. பாறை விளிம்பில் உட்கார்ந்து படம் எடுக்காதே; மேலே புல், கீழே ஒன்றும் இல்லாமல் குடைந்திருக்கும். பாறையின் அடியிலும் உட்காராதே. முக்கியமாகக் கார்டிஃப் பக்கம் சதர்ன்டவுன் கரையில் அடுக்கடுக்கான பாறைகள் முன்னறிவிப்பு இல்லாமல் சரியும். காற்றுக்கும் மழைக்கும் ஒரு சட்டை கூடுதலாக வைத்துக்கொள்.

1,400 கிலோமீட்டர் நீளத்துக்கு நாட்டின் கரை முழுவதையும் ஒட்டி நடைபாதை போட்டு, 2012 மே மாதத்தில் மக்களுக்குத் திறந்துவிட்ட நாட்டில் நீ இருக்கிறாய். நுழைவுச் சீட்டு வாங்காமல் நடக்கலாம். படிப்பு முடியுமுன் அதில் ஒரு நல்ல பகுதியையாவது நடந்து பார்த்துவிடு. முதல் பயணத்துக்கு இன்றே மம்பிள்ஸ் அட்டவணையை எடுத்து, வற்றம் நண்பகலில் வரும் ஒரு நாளைத் தேர்ந்து, தேதியை எனக்கு எழுது.

அன்புடன்,
பெரியப்பா