பிழை காட்டிய கருவி

நுழையும்முன்

மொழி எத்துணைச் சிறந்ததாயினும், அதைப் பழகும் வாய்ப்பு எளியோர்க்கும் கிடைத்தாலன்றிப் பரவுவதில்லை. நிரல்மொழிக்கும் இது பொருந்தும்.

மாணவர்க்கான மொழி

கணினி இயந்திர மொழியை மட்டுமே அறியும். மனிதர் எழுதும் நிரலை அம்மொழிக்கு மாற்றித் தருவது நிரல்பெயர்ப்பி. சுவிட்சர்லாந்து அறிஞர் நிக்லவுஸ் விர்த், நிரலாக்கத்தை முறையாகக் கற்பிக்கும் நோக்குடன் 1970இல் பாஸ்கல் மொழியை வெளியிட்டார். கணித மேதை பிளேஸ் பாஸ்கலின் நினைவாக அப்பெயர் அமைந்தது.

காத்திருப்பின் காலம்

1980களின் தொடக்கத்தில் சிபி/எம், எம்எஸ்-டாஸ் ஆகிய இயக்க அமைப்புகள் சிறு கணினிகளில் வழங்கின. சிபி/எம் கணினிகள் பலவற்றின் நினைவகம் 64 கிலோபைட் அளவே. ஆதலால் நிரலை எழுதுவதற்கும், பெயர்ப்பதற்கும், இணைப்பதற்கும் தனித்தனி மென்பொருள்களை நெகிழ்வட்டிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக ஏற்ற வேண்டியிருந்தது. ஓர் அரைப்புள்ளி விடுபட்டாலும் இச்சுற்று முழுவதும் மீண்டும் தொடங்கும். நிரல்பெயர்ப்பிகள் பலவற்றின் விலையோ பல நூறு டாலர். கற்க விரும்பியவரைக் காலமும் பணமும் ஒருங்கே தடுத்தன.

டர்போ பாஸ்கல்

1983 நவம்பரில் போர்லாண்டு நிறுவனம் டர்போ பாஸ்கலை 49.95 டாலருக்கு வெளியிட்டது. அதன் நிரல்பெயர்ப்பியை உருவாக்கியவர் டென்மார்க்கைச் சேர்ந்த இளைஞர் ஆண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பர்க். நிரலை எழுதும் பகுதியும் பெயர்க்கும் பகுதியும் ஒரே மென்பொருளாக 40 கிலோபைட்டுக்குள் அடங்கின. அது நிரலை ஒரே முறை படித்து, நினைவகத்திலேயே இயந்திர மொழியாக்கியது. வட்டை நாட வேண்டிய தேவை பெரிதும் குறைந்தது.

முதற்பிழையைக் கண்டதும் அது நின்றுவிடும். பிழைகள் அனைத்தையும் பட்டியலிடும் பெருங்கணினி முறையோடு ஒப்பிட்டால் இது குறையாகத் தோன்றும். எனினும், பிழை நேர்ந்த இடத்திலேயே இடஞ்சுட்டியை நிறுத்தி, உடனே திருத்த வழிசெய்தது. மீண்டும் பெயர்க்கச் சில நொடிகளே போதுமாதலின், அக்குறையே கற்போர்க்கு நலமாயிற்று.

ஹெய்ல்ஸ்பர்க் பின்னாளில் டெல்பி, சி ஷார்ப், டைப்ஸ்கிரிப்ட் ஆகியவற்றின் உருவாக்கத்தில் முதன்மைப் பங்காற்றினார். பிழையை எழுதும் இடத்திலேயே சுட்டும் முறை இன்றைய நிரலாக்கக் கருவிகளிலும் தொடர்கிறது. கற்பவர் தவறுவதற்கு அஞ்சாமல் முயல்வதற்குத் தவற்றுக்கும் திருத்தத்துக்கும் இடைப்பட்ட தொலைவு குறைய வேண்டும். டர்போ பாஸ்கல் அத்தொலைவைக் குறைத்தது.

தெரியுமா?

போர்லாண்டின் உரிம விதி, மென்பொருளை ஒரு நூலைப்போலக் கருதுமாறு கூறியது. எவரும் எக்கணினியிலும் பயன்படுத்தலாம். ஆனால், ஒரே நேரத்தில் ஒரு படியை இருவேறு இடங்களில் பயன்படுத்தலாகாது.

கற்பவை கற்றபின்…

1. நினைவகக் குறைவு டர்போ பாஸ்கலின் அமைப்பை எவ்வாறு தீர்மானித்தது? விளக்குக.
2. பிழையை உடனுக்குடன் சுட்டுவது கற்றலுக்குத் துணையா, தடையா? வகுப்பறையில் கலந்துரையாடுக.