அடிபட்ட பறவை எது? முதலில் இனங்காண்போம்

சீனன்குடாவில் ஒரு பக்கம் குடாக்கடல். சற்றுத் தள்ளினால் தம்பலகாமத்து வயல்வெளி. ஆகவே மீன் பிடிக்கும் பருந்தையும் எலி பிடிக்கும் கூகையையும் நாம் இங்கு காண்கிறோம். இடம்பெயர்ந்த குடும்பத்திடம் மிஞ்சியிருப்பது நாலைந்து கோழிகள்தான் என்றால், ஒரு குஞ்சு போனாலும் நட்டமே. அதற்காக வளைந்த சொண்டுள்ள பறவைகள் எல்லாவற்றையும் கள்ளன் என்று கல்லால் அடிக்கலாமா? அடையாளங்களைப் படிப்போம்.

1. செம்பருந்து: தலையும் நெஞ்சும் வெள்ளை, உடல் செங்காவி. வால் நுனி வட்டமானது. மீன், நண்டு, செத்த பிராணிகளைத் தின்னும். இதன் இளம் பறவை மண்ணிறமானது.

2. கரும்பருந்து: உடல் முழுவதும் மண்ணிறம். வால் நுனி மீன்வால்போல் உள்வாங்கியிருக்கும். இளம் செம்பருந்தோடு மயங்கினால் வாலைப் பாருங்கள்.

3. கடற்கழுகு: மிகப் பெரியது. தலையும் வயிறும் வெள்ளை, சிறகு சாம்பல். மீனும் கடற்பாம்பும் இதன் இரை.

4. வல்லூறு: புறாவளவு. முதுகு சாம்பல், நெஞ்சில் மெல்லிய செங்கோடுகள். ஓணான், சிறு பறவைகளைப் பிடிக்கும், குஞ்சையும் தூக்கும். குஞ்சுகளைக் கூடையால் மூடி வளர்ப்பதே பரிகாரம்.

5. கூகை: இதய வடிவான வெள்ளை முகம். ஆளில்லாத வீட்டுக் கூரையில் குடியிருக்கும். ஊர் திரும்புவோர் இதை அபசகுனமென்று கொல்வதுண்டு. ஆனால் இதன் முக்கிய இரை எலி. நம் நெல்லுக்கு இது காவல்.

அடிபட்ட பறவையைக் கண்டால்

சொண்டைவிடக் கால் நகமே ஆபத்தானது. பழைய சாரத்தைப் போர்த்தி, கால்களைச் சேர்த்துப் பிடியுங்கள். துளையிட்ட மட்டைப்பெட்டியில், இருளான அமைதியான இடத்தில் வையுங்கள். சோறு, பால் கொடுக்க வேண்டாம். வாயில் தண்ணீர் ஊற்றவும் வேண்டாம். தங்கூசி சுற்றியிருந்தால் இழுக்காமல் கத்தரியுங்கள். எந்த இனம், எங்கே கிடந்தது என்று குறித்து, தாமதமின்றி வனசீவராசிகள் திணைக்கள அலுவலகத்துக்கு அறிவியுங்கள். இனத்துக்கேற்ற இரை கொடுக்கவும், ஏற்ற இடத்தில் திரும்ப விடவும் அக்குறிப்பு உதவும். இப்பறவைகளை வீட்டில் வளர்ப்பது சட்டவிரோதம்.

எலிக்கு நஞ்சு வைத்தால் செத்த எலியைப் புதையுங்கள். அதைத் தின்னும் பறவையும் சாகும். பிறகு எலிதான் பெருகும். படைப்பைப் பேணுவது நம் வயலைப் பேணுவதுமாகும்.

கலந்துரையாட:
- எங்கள் ஊரில் இவற்றுள் எவற்றைக் காண்கிறோம்?
- கூகையைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு என்ன சொல்லி வருகிறோம்?