ஒருவர் கைக்கு அடங்கும் படகு

அன்னூர்

அன்புள்ள அம்மிணிக்கு,

நீ அனுப்பிய மூன்று படகுகளின் படங்களையும் விவரங்களையும் பொறுமையாகப் பார்த்தேன். 42 அடி கேட்டமரான் ஒன்று, 38 அடி ஒன்று, 29 அடிப் பழைய ஃபைபர் படகு ஒன்று. உனக்குக் கேட்டமரான் பிடித்திருக்கிறது, மாப்பிள்ளைக்கு 38 அடி பிடித்திருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். என் மனசு 29 அடியின் பக்கம்தான் நிற்கிறது. விலை குறைவு என்பதற்காகச் சொல்லவில்லை.

கடலில் ஒரு நாள் மாப்பிள்ளைக்குக் கையில் அடிபடலாம், காய்ச்சல் வரலாம், கால் தவறித் தண்ணீரில் விழவும் செய்யலாம். அப்போது நீ ஒருத்தியே பாயைச் சுருட்டி, எஞ்சினைக் கிளப்பி, படகைத் திருப்பி, அவர் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தி, அவரை மேலே ஏற்ற வேண்டும். பாப்பா அழுதுகொண்டிருக்கும், மாமியார் பயந்துபோய் உட்கார்ந்திருப்பார். அந்த நேரத்தில் உன்னால் தனியாக ஆளமுடிகிற படகைத்தான் நீங்கள் வாங்க வேண்டும். உனக்குச் சொன்னதுதான் அவருக்கும். ஓட்டத் தெரிந்தவர் ஒருவர், கூட உட்கார்ந்து வருபவர்கள் மற்றவர்கள் என்று குடும்பம் பிரிந்துவிட்டால், அந்தப் படகு இரண்டாவது வருஷமே ஜெட்டியில் கட்டிக் கிடக்கும்.

நீளம் கொஞ்சம் கூடினால் வேலையும் கொஞ்சம்தான் கூடும் என்று நினைக்காதே. 29 அடிப் படகின் பெரிய பாய் ஏறக்குறைய இருபது சதுர மீட்டர். நாற்பது அடியை நெருங்கும்போது அது இரண்டு மடங்காகிவிடும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பாயின் மேல் அழுத்தம் நான்கு மடங்கு. காலையில் ஒரு கையால் இழுத்த கயிற்றை, பொழுது சாய்வதற்குள் கடற்காற்று ஏறியதும் விஞ்ச் போட்டு இழுத்தாலும் அசைப்பது கஷ்டம். வேகத்திலாவது லாபமா என்றால் அதுவும் பெரிதாக இல்லை. கொச்சியிலிருந்து கோழிக்கோட்டுக்குக் கடல்வழி சுமார் 150 கிலோமீட்டர். நல்ல காற்றில் 29 அடிப் படகு பதினைந்து மணி நேரத்தில் போகும். 38 அடிக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று ஆகும். இரண்டு மூன்று மணி நேரத்துக்காக இத்தனை பளுவையா சுமப்பது?

சின்னப் படகென்றால் ஆபத்து என்று மாப்பிள்ளை சொன்னால் சுஹைலியைப் பற்றிச் சொல். அது நம் மும்பையில் தேக்கு மரத்தில் கட்டப்பட்ட 32 அடிப் படகு. அதில்தான் ராபின் நாக்ஸ் ஜான்ஸ்டன் 1968 ஜூனில் இங்கிலாந்திலிருந்து கிளம்பி, எங்கும் நிற்காமல், தனியாளாக உலகைச் சுற்றி 312 நாளில் திரும்பினார். அப்படிச் செய்த முதல் ஆள் அவர்தான்.

புதுச்சேரிப் பெண் ரூபா அழகிரிசாமியும் கோழிக்கோட்டுப் பெண் தில்னாவும் தாரிணி என்ற பாய்மரப் படகில் உலகைச் சுற்றி 2025 மே மாதம் கோவாவுக்குத் திரும்பியதை நீ எழுதியிருந்தாய். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கும் நெஞ்சு நிறைந்தது. தாரிணி 56 அடிப் படகு, இரண்டே பேர்தான் ஓட்டினார்கள். ஆனால் அவர்கள் கடற்படை அதிகாரிகள், அந்தப் பயணத்துக்கென்றே வருஷக்கணக்கில் பயிற்சி எடுத்தவர்கள். அவர்களுடைய துணிச்சலை எடுத்துக்கொள். படகின் அளவுக்கு அவர்களை உதாரணமாக்காதே.

இரட்டை உடல் கொண்ட கேட்டமரானை நான் குறை சொல்ல மாட்டேன். சாயாமல் போகும், டம்ளர் கவிழாது, ஆழமில்லாத தண்ணீரிலும் மிதக்கும். வயதானவர்களுக்கு அதைவிடச் சுகமான படகு கிடையாது. ஆனால் 42 அடியில் அகலம் ஏழு மீட்டரைத் தொடும். காற்றடிக்கும் நாளில் அதை ஜெட்டியில் ஒட்டுவது புதியவர்களுக்குக் கஷ்டம். இடவாடகை கூடும், இரண்டு எஞ்சினுக்கும் செலவு செய்ய வேண்டும். ஒற்றை உடல் படகு அடியில் இருக்கும் கீலின் எடையால் சாய்ந்தாலும் நிமிர்ந்துவிடும். கேட்டமரான் சுலபத்தில் கவிழாது. கவிழ்ந்தால் நிமிராது.

நீங்கள் படகை வைக்கப்போவது கொச்சி போல்காட்டி மெரினாவில் என்பதால் அந்தத் தண்ணீருக்கு ஏற்றபடி பார். கப்பல் வரும் கால்வாயைத் தாண்டினால் காயலில் பல இடங்களில் ஆழமே இல்லை, அடியில் வண்டல். 38 அடிப் படகின் கீல் கிட்டத்தட்ட இரண்டு மீட்டர் இறங்குகிறது. 29 அடிக்கு இரட்டைக் கீல், ஒரு மீட்டர்தான் இறங்கும். நீர் வற்றிச் சேற்றில் தட்டினாலும் நேராக உட்கார்ந்து அடுத்த ஏற்றத்துக்குக் காத்திருக்கும். பாலங்களுக்கு அடியில் பாய்மரம் நுழையுமா என்பதையும் மேப்பை வைத்துக் கணக்குப் பார்த்துக்கொள். மழைக்காலம் முடிந்ததும் வேம்பநாட்டுக் காயலில் ஆகாயத்தாமரை நிறைந்து கிடக்கும். எஞ்சின் குளிர்வதற்குத் தண்ணீர் இழுக்கும் வழியை அது அடைத்துவிடும். வடிகட்டியைப் படுத்துக்கொண்டு தேடாமல், கை நீட்டினால் கழற்றக்கூடிய இடத்தில் வைத்திருக்கிறார்களா என்று பார்.

இதெல்லாம் உனக்குத் தெரிந்த வேலை, அம்மிணி. பவுண்டரியில் வளர்ந்தவள் நீ. படகின் எஞ்சினில் ஒரு பம்பு இருக்கிறது, அதன் ரப்பர் இம்பெல்லர் கிழிந்தால் எஞ்சின் சூடேறி நின்றுவிடும். பழைய படகில் தண்ணீர் உள்ளே வரும் வால்வுகளை நீயே சுரண்டிப் பார். மலிவான பித்தளை போட்டிருந்தால் உப்புத் தண்ணீரில் துத்தநாகம் கரைந்துபோய், செம்பு நிறத்தில் உளுத்து நிற்கும். ஒரு தட்டுத் தட்டினால் உடையும். அது உடைந்தால் படகு மூழ்கும். வெண்கலமாக இருக்க வேண்டும். மேலே இருக்கும் ஸ்டெயின்லெஸ் 316 தரமா என்றும் கேள். விற்பவர் படுக்கை விரிப்பையும் மர வேலைப்பாட்டையும் காட்டுவார், நீ வால்வைக் காட்டச் சொல்.

கையாளச் சுலபம் என்பது சாமான்களிலும் இருக்கிறது. முன்பாய் ரோலரில் சுருட்டுகிற மாதிரி வேண்டும். பெரிய பாயைக் குறைத்துக் கட்டும் கயிறெல்லாம் சுக்கான் பக்கத்துக்கே வந்துவிட வேண்டும், அப்போதுதான் ஆடும் படகின் முன்னால் யாரும் நடக்க வேண்டியிராது. ஆட்டோபைலட் கட்டாயம், நீ தனியாக இருக்கும்போது சுக்கானைப் பிடிக்கும் இன்னொரு கை அதுதான். பின்பக்கம் தண்ணீருக்குள் இறங்கும் ஏணி, பாப்பாவுக்காகச் சுற்றிலும் வலை, அவளுடைய அளவுக்கு லைஃப் ஜாக்கெட், எல்லாம் முதல் நாளே வாங்கிவிடு.

குளிர் நாட்டுக்காகக் கட்டிய படகுகளின் உள்ளே நம் ஊர் வெயிலில் உட்காரவே முடியாது. கூரையில் திறக்கும் ஜன்னல்கள் எத்தனை என்று எண்ணு, சுக்கான் இருக்கும் இடத்துக்கு மேல் துணிக்கூரை போட இடமிருக்கிறதா என்று பார். மாமியாரை ஒரு முறை கூட்டிப்போய் உள்ளே இறங்கும் படியில் ஏறி இறங்கச் சொல். அவருடைய முழங்கால் ஒத்துக்கொள்ளாத படகு வேண்டாம். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் படகின் அடியில் தேங்கி ஒரு பொறியில் வெடிக்கும். சிலிண்டர் வெளிப்பக்கம் தனிப்பெட்டியில் இருக்க வேண்டும், பெட்டியின் ஓட்டை கடல் பக்கம் திறக்க வேண்டும்.

வாங்குவதற்கு முன்னால் நீங்கள் இருவரும் சின்ன டிங்கியில் பாய் பழகிக்கொள்ளுங்கள். சென்னைத் துறைமுகத்தில் 1911 முதல் இருக்கிற ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இருக்கிறது, தமிழ்நாடு பாய்மரப் படகுச் சங்கமும் இருக்கிறது. டிசம்பரிலிருந்து மார்ச் வரை கொச்சியில் காலையில் கரைக்காற்று, மத்தியானத்துக்கு மேல் கடற்காற்று. முதல் வருஷத்துக்கு அது போதும். ஜூன் முதல் செப்டம்பர் வரை கடல் பக்கமே நினைக்காதே.

29 அடியை முடிவு செய்தால், தண்ணீரிலிருந்து மேலே தூக்கி சர்வேயர் பார்த்து, அறிக்கை உன் கைக்கு வரும்வரை அட்வான்ஸ் கொடுக்காதே. கிரேன் செலவு யாருடையது என்பதை முதலிலேயே பேசிக்கொள். தூக்குவதை ஒரு ஞாயிற்றுக்கிழமையாக வைத்தால் நானும் வருகிறேன். இங்கிருந்து விடியற்காலை கிளம்பினால் பாலக்காடு வழியாகப் பத்து மணிக்குள் போய்விடலாம். டார்ச்சும் தட்டிப் பார்க்கச் சின்னச் சுத்தியலும் நான் எடுத்து வருகிறேன்.

பாப்பாவுக்கும் மாப்பிள்ளைக்கும் என் அன்பு.

உன் மாமா