சூட்டுப் பையும் உணர்வற்ற பாதமும்

கேள்வி: ஐயா, நான் ரொறன்ரோ நகரத்தின் ஸ்காபரோவில் வசிக்கிறேன். தை மாதத்து விடியற்காலையில் பஸ்ஸுக்காகக் காத்து நிற்கும்போது, கையுறை போட்டிருந்தும் விரல்கள் விறைத்துப் போகின்றன. மகன் மூன்று விதமான சூட்டுப் பைகளை வாங்கி வந்திருக்கிறான்: உறையைக் கிழித்தால் தானே சூடாவது ஒன்று, உள்ளேயிருக்கும் தகட்டை அமுக்கினால் சூடாவது ஒன்று, சார்ஜ் ஏற்றிக்கொள்வது ஒன்று. எதைப் பாவிப்பது நல்லது? அம்மாவுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது; நெடுநாளாகச் சீனி வருத்தம். இரவில் "கால் ஐஸாய்க் கிடக்குது பிள்ளை" என்று சொல்லி, அந்தப் பைகளில் ஒன்றைக் காலுறைக்குள் வைத்துவிடச் சொல்கிறார். வைக்கலாமா? நுவரெலியாவில் இருக்கும் சித்திக்கும் சில கொண்டுபோக எண்ணம்.

— ஒரு வாசகி, ஸ்காபரோ

பதில்: அம்மணி, உங்கள் தாயாரைப் பற்றிய வினாவை முதலில் எடுத்துக்கொள்ள அனுமதியுங்கள், உங்கள் கைவிரல்களின் அசௌகரியம் சில நாள் பொறுக்கக்கூடியது, அவருடைய பாதங்களைப் பற்றிய காரியமோ ஓர் இரவும் தாமதிக்கத் தகாதது. உறங்கப் போகும் அவருடைய காலுறைக்குள் எந்தச் சூட்டுப் பையையும் வைக்க வேண்டாம்.

நெடுங்காலம் நீரிழிவு கண்ட தேகத்தில், பாதத்து நரம்புகள் சிறுகச் சிறுக உணர்விழந்து, முள் தைத்தாலும் தெரியாத நிலை வந்துவிடுவதுண்டு. விசித்திரம் என்னவென்றால், அந்த நிலையில் உள்ளவர்களில் சிலருக்கே கால் பனிக்கட்டியாய்க் கிடப்பதான பிரமையும் உண்டாகிறது. ஆகையால் அடுத்த முறை அவர் குளிர்கிறது என்று சொல்லும்போது, உங்கள் உள்ளங்கையை அவர் பாதத்தின்மேல் வைத்துப் பாருங்கள். கைக்கு அது வெதுவெதுப்பாகவே இருக்குமானால் கோளாறு நரம்பில் இருக்கக்கூடும்; கைக்கும் சில்லிட்டிருக்குமானால், இரத்தம் போதிய அளவு அங்கே சென்று சேரவில்லையோ என்று சந்தேகிக்க இடமுண்டு. எதுவாயினும் வைத்தியரிடம் சொல்லியாக வேண்டும்.

கொதிநீரும் கொள்ளியுமே சுடும் என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். 1947-ல் மோரிட்ஸ், ஹென்ரிக்வெஸ் என்னும் இரு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள், 44 டிகிரி செல்சியஸ் உஷ்ணம்கூட ஏறக்குறைய 6 மணி நேரம் இடைவிடாமல் ஒரே இடத்தில் படிந்திருந்தால் தோலைப் புண்ணாக்கிவிடும் என்றும், அதற்கு மேல் சிறிது ஏறினாலும் அந்தக் கால அளவு வெகு வேகமாகக் குறுகிவிடும் என்றும் கண்டு எழுதினார்கள். உங்கள் மகன் வாங்கி வந்தவையோ பெரும்பாலும் 50 டிகிரியை எட்டக்கூடியவை. உணர்வுள்ளவர் தூக்கத்திலும் காலை இழுத்துக்கொள்வார். உணர்வற்றவர் மறுநாள் காலையில் கொப்புளத்தைத்தான் காண்பார், அதுவும் பிறர் காட்டினால். இதமான சூடுதானே என்று அலட்சியம் செய்வதற்கில்லை: காஷ்மீரத்தில் குளிர்காலம் முழுவதும் தணல் நிரப்பிய மண்சட்டியைக் கூடையில் பொதிந்து, காங்கிரி என்ற பெயரில், அங்கிக்குள்ளே வயிற்றோடும் தொடையோடும் அணைத்துக்கொள்ளும் வழக்கம் உண்டல்லவா, அவ்விதம் ஆண்டுக்கணக்கில் சூடுபட்ட தோலில் புற்றுநோயே தோன்றுவதை எல்ம்ஸ்லி என்னும் மருத்துவர் 1866-ஆம் ஆண்டிலேயே குறித்து வைத்திருக்கிறார்.

தாயாரைக் குளிரில் விட்டுவிடச் சொல்லவில்லை. அவர் படுப்பதற்கு அரைமணி முன்னதாக வெந்நீர்ப் பையைப் போர்வைக்குள் வைத்துப் படுக்கையைச் சூடாக்கி, அவர் படுக்க வரும்போது அதை வெளியே எடுத்துவிடுங்கள். தளர்வான கம்பளிக் காலுறையும், உடம்புக்கு உள்பனியனும், தலைக்கு ஒரு குல்லாயும் போதும். தினந்தோறும் விளக்கடியில் அவருடைய இரண்டு பாதங்களையும், விரலிடுக்கு உட்பட, ஒரு தரம் பார்த்துவிடுங்கள்.

பாதத்துக்குக் குல்லாய் எதற்கு என்று கேட்பீர்கள். உங்கள் விரல்களுக்கும் விடை அதில்தான் இருக்கிறது. குளத்தில் நீர் குறைந்த காலத்தில் கடைமடை வயல்களுக்குப் பாயும் வாய்க்காலை முதலில் அடைத்துவிடுவதைப்போல, உள்ளுறுப்புகளின் 37 டிகிரி உஷ்ணத்துக்குக் குறைவு நேரும் என்று கண்டவுடனே, சரீரம் கைகால் விரல்களுக்குச் செல்லும் சிறு இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுகிறது. மார்பும் கழுத்தும் தலையும் குளிரில் கிடக்க, கையுறைக்கு மேல் கையுறை மாட்டுவதால் பிரயோஜனம் சொற்பமே. இறுக்கமான பூட்ஸுக்குள் இரண்டு காலுறையைத் திணிப்பதும் இரத்த ஓட்டத்தைத் தடுக்கும். விரல்களைத் தனித்தனியே பிரிக்காமல், நான்கையும் ஒன்றாக வைத்து மூடும் கையுறையே உத்தமம்.

இனி அந்த மூன்று பைகள். உறை கிழிப்பதில் இருப்பது இரும்புத் தூளும் உப்பும் கரித்தூளும் சிறிது ஈரமும். காற்றுப் பட்டவுடன் இரும்பு துருப்பிடிக்கிறது, அந்தத் துருவின் வெப்பமே நமக்குக் கிடைக்கிறது. பல மணி நேரம் நிற்கும். பாதியில் போதும் என்றால் காற்றுப் புகாத பையில் இறுக மூடிவிட்டால் அடங்கிவிடும். சப்பாத்துக்குள் வைப்பதற்கென்று விற்பதை மட்டும் வெளியில் உபயோகிக்காதீர்கள்; குறைந்த காற்றிலும் வேலை செய்யும்படி அமைந்ததாகையால், திறந்த வெளியில் அளவுக்கு மீறிச் சுடும். தகட்டை அமுக்குவதில் இருப்பது சோடியம் அசிட்டேட் என்னும் உப்பு. 58 டிகிரியில் உருகி, ஆறிய பின்னும் திரவமாகவே கிடந்து, தகடு சொடுக்கியதும் உறைந்து தன் சூட்டை வெளியிடுகிறது. அரைமணி, மிஞ்சினால் ஒருமணி நேரம். பிறகு கட்டி முழுவதும் கரையும்வரை வெந்நீரில் போட்டெடுத்தால் மீண்டும் உதவும்.

என் மனத்துக்கு உகந்தது, உங்கள் மகன் வாங்காத நாலாவது வகை. 1823-ல் ஜெர்மனியில் டோபரைனர் என்னும் ரசாயனி, பிளாட்டினத்தின்மேல் ஹைட்ரஜன் தானே பற்றிக்கொள்வதைக் கண்டார். சரியாக நூறாண்டு கழித்து 1923-ல் ஜப்பானியரான மட்டோபா, அதே பிளாட்டினத்தைக்கொண்டு, பென்ஸைன் என்னும் பெட்ரோலிய எண்ணெயின் ஆவியைச் சுவாலையின்றி எரிக்கும் சட்டைப்பைக் கருவியொன்றைச் செய்தார். எண்ணெய் ஊற்றும் தொல்லையும் அதன் வாடையும் பஸ் பயணத்துக்கு ஒவ்வாதவை என்பதால் அதை உங்களுக்குச் சிபாரிசு செய்யவில்லை. நாள்தோறும் அரைமணி நேரத் தேவைக்குச் சார்ஜ் ஏற்றுவதே போதும். குளிரில் பாட்டரி சோர்ந்துவிடுமாகையால் தேவைப்படும்வரை உள்சட்டைப் பையில் இருக்கட்டும். எந்தப் பையானாலும் துணியில் சுற்றியே வையுங்கள்.

விரல்கள் குளிர்வதோடு நில்லாமல் வெளுத்து, நீலம் பாரித்து, பிறகு சிவக்குமானால், அது 1862-ல் மோரிஸ் ரேனோ என்னும் பிரெஞ்சு மருத்துவர் விவரித்த வியாதியாக இருக்கலாம். வைத்தியரைப் பாருங்கள், இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவரானால் அதன் பெயரையும் சொல்லுங்கள்.

சித்திக்கு எடுத்துச் செல்வதில் சார்ஜ் வகையைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், பெட்டியில் போட்டு அனுப்பக் கூடாது. உறை பிரிக்காத இரும்புத்தூள் பொட்டலங்களைப் பற்றி விமானக் கம்பெனியை முன்னதாகக் கேட்டுக்கொள்ளுங்கள். சித்திக்கும் சீனி வருத்தம் உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. இருக்குமானால் பைகளோடு ஒரு ஜோடிக் கம்பளிக் காலுறையையும் சேர்த்துக் கட்டுங்கள், பைகளைக் கைக்கு மட்டும் என்று சொல்லிக் கொடுங்கள்.