நாய்க்கு மீன் எண்ணெய்: புட்டியின் பின்பக்கத்தைப் படியுங்கள்

மாணவர்களே, மேசை இழுப்பறையில் வெகுநாள் கிடந்த ரப்பர் வளையம் ஒன்றை எடுத்து இழுத்துப் பாருங்கள். நீளாது, பட்டென்று அறுந்துவிடும். சில வளையங்கள் காகிதத்தோடு ஒட்டிப் பிசுபிசுத்துக் கிடக்கும். பால்மரம் வெட்டிய உங்கள் பாட்டியிடம் காட்டினால், "இத்துப்போச்சு, தூக்கிப் போடு" என்பார்.

இந்த வாரப் பாடம் நாய்க்கு மீன் எண்ணெய் வாங்குவது பற்றியது. அதில் ரப்பருக்கு என்ன வேலை என்று கேட்கிறீர்களா? ரப்பரை இற்றுப்போக வைக்கும் அதே வேதிவினைதான் மீன் எண்ணெயையும் கெடுக்கிறது. இதைப் புரிந்துகொண்டால் பாதிப் பாடம் முடிந்த மாதிரி.

சுங்கை சிப்புட், கோலகங்சார் பக்கத்துப் பழைய தோட்டங்களில் இன்னும் லயத்து வீட்டில் இருப்பவர்களிடமும் சரி, ஈப்போவின் தாமான்களுக்குக் குடிவந்துவிட்டவர்களிடமும் சரி, வயதான நாய் ஒன்று இருக்கும். காலையில் எழுந்திருக்கச் சிரமப்படும். பின்னங்கால் இழுக்கும். படியேற யோசிக்கும். "மீன் எண்ணெய் கொடுத்துப் பார்" என்று யாராவது சொல்வார்கள். மருந்தகத்துக்குப் போனால் வரிசையாகப் புட்டிகள். எதை எடுப்பது?

முதலில், அது உதவுமா? அமெரிக்காவில் 18 கால்நடை மருத்துவமனைகளில் மூட்டுத் தேய்மானம் உள்ள 127 நாய்களை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2010இல் வெளிவந்தது. ஒமேகா-3 மிகுந்த உணவு சாப்பிட்ட நாய்கள் ஆறு வாரங்களில் படுத்த இடத்திலிருந்து முன்பைவிட எளிதாக எழுந்தன; 12 வாரங்களில் நடையும் தேறியது என்று உரிமையாளர்கள் பதிவு செய்தனர். நாய் உணவு தயாரிப்பவர்களுக்கும் அந்த ஆய்வில் பங்கு இருந்தது என்பதையும் மனத்தில் வையுங்கள். தேய்ந்த குருத்தெலும்பு இதனால் மீண்டும் வளர்வதில்லை. வீக்கமும் வலியும் ஓரளவு தணிகின்றன, அதுவும் பல வாரங்களுக்குப் பிறகு. செல் சவ்வில் இருக்கும் வேறொரு கொழுப்பு அமிலத்தின் இடத்தை ஒமேகா-3 மெல்ல மெல்லப் பிடிக்க வேண்டும். அதனால்தான் இந்தத் தாமதம்.

மீன் எண்ணெயில் நமக்குத் தேவையானவை இரண்டு: இபிஏ, டிஎச்ஏ. இரண்டும் கார்பன் அணுக்கள் சங்கிலியாகக் கோத்த கொழுப்பு அமிலங்கள். இபிஏவில் 20 கார்பன்கள், 5 இரட்டைப் பிணைப்புகள். டிஎச்ஏவில் 22 கார்பன்கள், 6 இரட்டைப் பிணைப்புகள். நம் ஊர்ச் செம்பனை எண்ணெயில் ஏறக்குறைய பாதி, இரட்டைப் பிணைப்பே இல்லாத நிறைவுற்ற கொழுப்பு. நிறைவுறாக் கொழுப்பைப் பாடநூலில் 'லெமாக் தாக் தெப்பு' என்று படித்திருப்பீர்கள். ஒவ்வோர் இரட்டைப் பிணைப்பும் சங்கிலியை வளைக்கிறது. வளைந்த சங்கிலிகள் ஒன்றோடொன்று நெருங்கி அடுக்கிக்கொள்ள முடியாது. ஆகவே குளிர்ந்த கடலிலும் அந்தக் கொழுப்பு உறையாமல் திரவமாகவே இருக்கிறது.

அதே இரட்டைப் பிணைப்புதான் அதன் பலவீனமும். இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட கார்பனிலிருந்து ஹைட்ரஜன் அணு எளிதில் கழன்றுவிடும். அந்த இடத்தில் ஆக்சிஜன் வந்து ஒட்டும், அது பக்கத்து மூலக்கூறைத் தாக்கும், அது அடுத்ததை. இப்படித் தொடர்வினையாகப் பெராக்சைடுகள் உண்டாகி, பிறகு உடைந்து, பழைய பெயிண்ட் போல நாற்றமடிக்கும் ஆல்டிஹைடுகளாக மாறுகின்றன. இயற்கை ரப்பரும் ஐசோபிரீன் என்ற சிறு அலகு ஆயிரக்கணக்கில் கோத்த சங்கிலிதான். அதன் ஒவ்வோர் அலகிலும் ஓர் இரட்டைப் பிணைப்பு உண்டு. ஆக்சிஜன் சங்கிலியை வெட்டினால் ரப்பர் பிசுபிசுக்கும். சங்கிலிகளைக் குறுக்கே பிணைத்தால் விறைத்து உடையும். டயர் தயாரிப்பவர்கள் ரப்பரோடு ஆக்சிஜனேற்றத் தடுப்பான் கலக்கிறார்கள். மீன் எண்ணெயில் அந்த வேலையைச் செய்வது வைட்டமின் ஈ. படிவம் 5 வேதியியலில் ரப்பரும் கொழுப்பும் வெவ்வேறு பாடங்களாக வரும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே கடையில் முதலில் பார்க்க வேண்டியது காலாவதித் தேதியும் புட்டியின் நிறமும்தான். ஒளி புகாத புட்டி, பொருள் பட்டியலில் வைட்டமின் ஈ, இரண்டு மாதத்தில் தீரும் அளவு. மலிவு என்று 300 மாத்திரை உள்ள பெரிய புட்டியை வாங்கி ஜன்னலோரம் வைத்தால் கடைசிப் பாதி வீண். வெப்பம் 10 பாகை கூடினால் வினைவேகம் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது ஒரு தோராய விதி. அதன்படி 32 பாகை ஈப்போ அறையில் எண்ணெய் கெடும் வேகம், 4 பாகை குளிர்பெட்டியில் இருப்பதைப்போல் சுமார் 7 மடங்கு. வாங்கியதும் ஒரு மாத்திரையை ஊசியால் குத்தி முகர்ந்து பாருங்கள். மெல்லிய மீன் வாடை இருக்கலாம். பெயிண்ட் நாற்றம் இருக்கக் கூடாது. எலுமிச்சை மணம் சேர்த்தவற்றில் இந்தச் சோதனை பலிக்காது. சில தயாரிப்பாளர்கள் 'டோடாக்ஸ்' என்ற எண்ணை வெளியிடுகிறார்கள். ஆக்சிஜனேற்றத்தின் மொத்த அளவு அது. ஒமேகா-3 தொழில்துறையின் அனைத்துலக வரம்பு 26.

அடுத்தது கணக்கு. புட்டியின் முன்பக்கத்தில் "1000 மி.கி." என்று பெரிதாக இருக்கும். அது எண்ணெயின் எடை, ஒமேகா-3 இன் எடை அல்ல. பின்பக்கத்தைத் திருப்புங்கள். சாதாரண மாத்திரையில் இபிஏ 180, டிஎச்ஏ 120, ஆக 300 மி.கி.தான் இருக்கும். அந்த இரண்டு எண்களையும் அச்சிடாத புட்டியை, அதன் மேல் எவ்வளவு அழகான நாய்ப் படம் இருந்தாலும், வாங்க வேண்டாம் என்பது என் கருத்து.

நாய்க்கு எவ்வளவு தேவை? இங்கே எடையை அப்படியே பெருக்கக் கூடாது. உயிரினத்தின் ஆற்றல் தேவை எடையின் முக்கால் அடுக்கை ஒட்டிப் போகிறது என்று மேக்ஸ் கிளைபர் 1932இல் காட்டினார். உங்கள் நாய் 15 கிலோ என்றால் 15 × 15 × 15 = 3375. இதற்கு இரண்டு முறை வர்க்கமூலம் எடுங்கள்: 58.09, பிறகு 7.62. அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சி மன்றம் 2006இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, வளர்ந்த நாய்க்கு இந்த எண்ணை 30ஆல் பெருக்கினால் அன்றாடத் தேவை: சுமார் 229 மி.கி. 370ஆல் பெருக்கினால் தாண்டக் கூடாத உச்சம்: சுமார் 2,820 மி.கி. 30 கிலோ நாய்க்கும் போட்டுப் பாருங்கள். எடை இரட்டித்தாலும் அளவு இரட்டிக்காது.

ஆக 15 கிலோ நாய்க்குச் சாதாரண மாத்திரை தினம் ஒன்று போதும். மூட்டு வலிக்கு மருத்துவர்கள் கொடுக்கும் அளவோ உச்சத்தை நெருங்கும். சாதாரண மாத்திரையில் அது ஏழெட்டு வரும். அத்தனை கொழுப்பு சில நாய்களுக்கு வயிற்றுப்போக்கைத் தரும், கணையத்தையும் பாதிக்கலாம். அந்த அளவை நீங்களாக முடிவு செய்யாதீர்கள்.

ஒரு பெயர்க் குழப்பம் ஆபத்தானது. மீன் எண்ணெய் வேறு, மீன் ஈரல் எண்ணெய் வேறு. சிறுவயதில் நமக்கு ஊட்டிய காட் மீன் ஈரல் எண்ணெயில் ஒரு தேக்கரண்டிக்குச் சுமார் 4,500 அலகு வைட்டமின் ஏ, 450 அலகு வைட்டமின் டி உண்டு. இவை கொழுப்பில் கரைபவை. மிஞ்சியது சிறுநீரில் போகாது, உடலில் சேரும். சிறிய நாய்க்குத் தினமும் ஒரு தேக்கரண்டி ஊற்றினால் எலும்பும் சிறுநீரகமும் கெடலாம். பிள்ளைகளுக்கான இனிப்பு மீன் எண்ணெயும் வேண்டாம். சைலிட்டோல் என்ற இனிப்பூட்டி கலந்திருந்தால் அது நாய்க்கு நஞ்சு. ஆளிவிதை எண்ணெய் நஞ்சல்ல, ஆனால் பயன் குறைவு. அதிலுள்ள குறுகிய ஒமேகா-3ஐ நாயின் உடல் மிகக் கொஞ்சமே இபிஏவாக மாற்றும், டிஎச்ஏ கிட்டத்தட்ட கிடைக்காது.

புட்டியே வேண்டாம் என்றால் சந்தையில் கெம்போங் மீன் இருக்கிறது. உப்பும் வெங்காயமும் சேர்க்காமல் வேகவைத்து, முள் நீக்கி, வாரம் இரண்டு முறை சோற்றில் பிசைந்து கொடுக்கலாம். பங்கோர் நெத்திலிக் கருவாட்டில் உப்பு அதிகம். தக்காளிச் சாறில் அடைத்த டின் சார்டினில் வெங்காயம் இருக்கக்கூடும்.

கடைசியாக, கடைக்குக் கிளம்பும் முன் செய்ய வேண்டிய ஒன்று. செம்பனைக் காட்டோரம் திரியும் நாய் நொண்டினால் அது மூட்டுத் தேய்மானமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. உண்ணிக் காய்ச்சலிலும் மூட்டு வலிக்கும், நாய் சோர்ந்து படுக்கும். அந்த நோய் இரத்தத் தட்டுகளின் எண்ணிக்கையைக் குறைக்கிறது. மீன் எண்ணெயோ, அளவு கூடினால், மிஞ்சியிருக்கும் தட்டுகளின் வேலையை மந்தப்படுத்தக்கூடும். காது மடலைப் புரட்டி, விரல் இடுக்குகளை விரித்து உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். வெளுத்திருந்தாலோ சிவப்புப் புள்ளிகள் தெரிந்தாலோ, புட்டிக்கு வைத்திருந்த காசை இரத்தப் பரிசோதனைக்கு எடுத்துக்கொண்டு அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் போங்கள்.