வாடகைக் கார்: சாவி வாங்குமுன் கவனிக்க வேண்டியவை



வெங்காய மூட்டை வந்து இறங்கினால் பிரித்துப் பார்க்கிறோம். அழுகல் இருந்தால் பில்லிலேயே எழுதிக் கையெழுத்து வாங்குகிறோம். ஆனால் வாடகைக்குக் கார் எடுக்கும்பொழுது சாவி கைக்கு வந்ததும் ஏறி உட்கார்ந்து விடுகிறோம்.

அடியேனும் அப்படித்தான் செய்தேன். உறவினர் வீட்டுக் கல்யாணத்திற்காகக் கோலாலம்பூரில் மூன்று நாட்களுக்குக் கார் எடுத்தேன். திருப்பிக் கொடுத்தபோது பின் பம்பரில் கீறல் என்று சொல்லி, 400 வெள்ளி டெபாசிட்டைப் பிடித்துக் கொண்டார்கள். அக்கீறல் என்னால் ஏற்பட்டதா, முன்பே இருந்ததா என்பது இன்றளவும் எனக்குத் தெரியாது. அவர்களும் ஆதாரம் எதுவும் காட்டவில்லை. ஆனால் பணம் அவர்கள் கையில் இருந்தது!

ஆகவே கீழ்க்கண்டவற்றை மனதில் வையுங்கள்.

1. புறப்படுமுன் கைபேசியில் காரைச் சுற்றிலும் வீடியோ எடுங்கள். கூரை, கண்ணாடி, சக்கரம், உட்புறம், மீட்டர், எண்ணெய் அளவு எதுவும் விடுபடக் கூடாது. பழைய கீறல்களை ஒப்பந்தத் தாளில் குறிக்கச் செய்து, ஊழியரின் கையெழுத்தை வாங்குங்கள்.

2. 'எக்ஸஸ்' எவ்வளவு என்று கேளுங்கள். அது 2,000 வெள்ளி என்றால், பழுதுச் செலவு 5,000 ஆனாலும் நம் பங்கு 2,000. செலவு 800 என்றால் முழுவதும் நம்முடையதே. கூடுதல் கட்டணம் கட்டி இத்தொகையைக் குறைக்கலாம். ஆனால் டயர், கண்ணாடி, அடிப்பாகம் ஆகியவை பெரும்பாலும் அதில் சேர்வதில்லை.

3. ஒப்பந்தத்தில் பெயரில்லாதவரை ஓட்ட விடாதீர்கள். சிங்கப்பூரில் எடுத்த காரை எழுத்து மூலமான அனுமதியின்றி ஜோகூருக்குக் கொண்டு வந்தால், இன்சூரன்ஸ் கைவிட்டு விடலாம்.

4. மலேசியாவில் விபத்து நேர்ந்தால் 24 மணி நேரத்திற்குள் போலீசில் புகார் செய்யவேண்டும் என்பது சட்டம்.

5. பகல் வெளிச்சத்தில், ஊழியர் முன்னிலையில் திருப்பிக் கொடுங்கள். சேதமில்லை என்று எழுதி வாங்குங்கள்.

6. சேதம் என்று பணம் கேட்டால் உடனே கையெழுத்திடாதீர்கள். படத்தையும் பழுதுபார்த்த பில்லையும் கேளுங்கள். சொந்த உபயோகத்திற்கு எடுத்த கார் என்றால், மலேசியாவில் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டி, வக்கீல் இன்றி, 50,000 வெள்ளி வரை வழக்குத் தொடுக்கலாம். மூன்றாண்டுகளுக்குள் செய்யவேண்டும்.

வாடகைப் பொருள் நம்மிடம் உள்ள அமானிதம். தவறு நம்முடையதென்றால் கொடுத்துவிட வேண்டியதே. அந்த வீடியோ இருந்திருந்தால், 400 வெள்ளி போனாலும், கொடுக்க வேண்டியதைத்தான் கொடுத்தேனா என்பதாவது எனக்குத் தெரிந்திருக்கும்.