முகத்துக்கு எத்தனை பிக்சல்?

குரூப் போட்டோவை வாங்கியவர் அதைத் தள்ளி நின்று ரசிப்பதில்லை. குனிந்து, கண்ணைக் கிட்டே கொண்டுபோய், முதலில் தன் முகத்தைத் தேடுவார். அடுத்து நண்பன், அதற்கடுத்து பிடித்த வாத்தியார். பெரிய பிரிண்ட்டைத் தூரத்திலிருந்துதானே பார்ப்பார்கள், பிக்சல் குறைந்தாலும் பரவாயில்லை என்பது தெருமுனை பேனருக்குச் சரி. பள்ளி, கல்லூரி, அலுவலகக் குழுப் படங்களுக்கு அந்தச் சமாதானம் செல்லாது. அதனால் இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் கணக்கை முகத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பேன்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 120 மாணவர்கள், ஐந்து வரிசை, வரிசைக்கு 24 பேர். ஆளுக்கு அரை மீட்டர் என்றால் 12 மீட்டர். இரு பக்கமும் ஒரு மீட்டர் விட்டால் ஃபிரேமின் அகலம் 14 மீட்டர். 24 மெகாபிக்சல் கேமராவில் அகலவாக்கில் 6000 பிக்சல் இருக்கும். மீட்டருக்கு ஏறத்தாழ 430. மனித முகத்தின் அகலம் சுமார் 15 சென்டிமீட்டர். ஆக ஒரு முகத்துக்குக் கிடைப்பது 64 பிக்சல். இதை 20 அங்குல அகலத்தில் பிரிண்ட் போட்டால் அங்குலத்துக்கு 300 பிக்சல் என்ற நல்ல தரம் வரும், ஆனால் முகம் அரை சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும். 36 அங்குலத்துக்கு இழுத்தால் முகம் பெரிதாகும், புருவமும் இமையும் ஒன்றோடொன்று குழம்பிவிடும். முகத்துக்குக் குறைந்தது 80, முடிந்தால் 100 பிக்சல் என்பது நான் வைத்திருக்கும் அளவுகோல்.

இதைக் கேட்டதும் பலருக்கு 45 மெகாபிக்சல் கேமரா வாங்கும் எண்ணம் வருகிறது. நிகான் டி850 போன்ற கேமராவில் அகலவாக்கில் 8256 பிக்சல். அதே 14 மீட்டருக்கு முகத்துக்கு 88 கிடைக்கும். நல்லதுதான். ஆனால் செலவே இல்லாத வழி ஒன்று இருக்கிறது. அந்த 120 பேரையும் பள்ளிப் படிக்கட்டிலோ விளையாட்டு மைதான கேலரியிலோ எட்டு வரிசையாக, வரிசைக்கு 15 பேராக நிறுத்துங்கள். அகலம் ஏழரை மீட்டர். ஓரம் சேர்த்து ஒன்பதரை. இப்போது பழைய 24 மெகாபிக்சல் கேமராவிலேயே முகத்துக்கு 95 பிக்சல்! காரணம் எளியது. நீண்டு மெலிந்த கூட்டத்தை எடுக்கும்போது ஃபிரேமின் பெரும்பகுதி வானத்துக்கும் மண்ணுக்கும் போய்விடுகிறது. கூட்டம் உயரவாக்கில் ஏறினால் அந்த இடமெல்லாம் முகங்களுக்கு வந்துவிடும். எனவே வேலை பேசப் போகும் நாளிலேயே படிக்கட்டைத் தேடுங்கள், அளவு நாடாவைக் கையில் எடுத்துப் போங்கள்.

படிக்கட்டு இல்லாத பள்ளிகளில் வழக்கமான ஏற்பாடுதான்: சின்னப் பிள்ளைகள் தரையில், ஆசிரியர்கள் நாற்காலியில், அவர்களுக்குப் பின்னே நிற்பவர்கள், கடைசியில் பெஞ்ச் மேல் ஏறியவர்கள். ஒவ்வொரு பெஞ்ச்சையும் யாரும் ஏறுமுன் நீங்களே ஒருமுறை ஏறி ஆட்டிப் பாருங்கள். மண் தரையில் ஒரு கால் புதைந்தால் பத்துப் பிள்ளைகள் சாய்வார்கள். இதில் சமரசமே கூடாது.

வரிசை ஆழமாகும்போது இன்னொரு சிக்கல் வரும்: பின்வரிசை முகங்கள் சிறுத்துப்போகும். இதன் உச்சத்தைப் பார்க்க 1918க்குப் போக வேண்டும். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் கேம்ப் டாட்ஜ் என்ற ராணுவ முகாமில் ஆர்தர் மோல், ஜான் தாமஸ் இருவரும் 18,000 வீரர்களை நிறுத்திச் சுதந்திர தேவி சிலையின் உருவத்தை அமைத்தார்கள். 80 அடி கோபுரத்தின் மீது பெரிய கேமராவை வைத்து எடுத்தார்கள். கேமராவிலிருந்து வெகு தொலைவில் இருந்த தீப்பந்தச் சுடருக்கு மட்டும் 12,000 பேர் தேவைப்பட்டார்கள்; தூரம் அவ்வளவு சுருக்கிவிடுகிறது. நம் எட்டு வரிசைக்கும் அதே விதிதான். பத்து மீட்டரில் நின்று அகலக் கோண லென்ஸில் எடுத்தால் பின்வரிசைக்காரரின் தலை, முன்வரிசைத் தலையில் மூன்றில் இரண்டு பங்குதான் இருக்கும். 85 மில்லிமீட்டர் லென்ஸோடு 22 மீட்டர் பின்னே போனால் அது ஐந்தில் நான்கு பங்காகும். ஓரத்தில் நிற்பவர்கள் இழுபட்டுப் பருமனாகத் தெரிகிற கொடுமையும் நீங்கும். 24 மில்லிமீட்டர் லென்ஸில் ஓரத்தில் நின்ற தலைமை ஆசிரியை அந்தப் படத்தை வாழ்நாள் முழுக்க மன்னிக்க மாட்டார். இடம் இல்லையென்றால் 35க்குக் கீழே போகாதீர்கள். வரிசைகளைக் கேமராவை நோக்கி லேசாக வளைத்து நிறுத்துங்கள், ஓரத்தில் இருப்பவர்களும் ஏறக்குறைய அதே தூரத்துக்கு வந்துவிடுவார்கள்.

கேமரா உயரத்தில் இருக்கட்டும். எதிர்க் கட்டட முதல் மாடி கிடைத்தால் பாக்கியம், இல்லையென்றால் ஏணி. முன்னவர் தலை பின்னவர் தாடையை மறைக்காமல் இருக்க இதைவிட நல்ல வழி கிடையாது. ஒவ்வொருவருக்கும் ஒரே வாக்கியத்தைச் சொல்லிவிடுங்கள்: “உங்களுக்கு லென்ஸ் தெரியலைன்னா, லென்ஸுக்கும் உங்களைத் தெரியாது.” பிறகு அவர்களாகவே நகர்ந்து இடம் பிடித்துக்கொள்வார்கள்.

வெளிச்சத்தைப் பொறுத்தவரை கட்டட நிழல் முழுதாக விழும் இடம், அல்லது மேகம் மூடிய வானம். பாதிப் பேர் வெயிலிலும் பாதிப் பேர் நிழலிலும் நின்றால் எந்த மென்பொருளும் காப்பாற்றாது. பள்ளி நிர்வாகம் பதினொரு மணிக்குத்தான் நேரம் கொடுக்கும். காலை பிரார்த்தனை முடிந்த கையோடு வேண்டும் என்று பிடிவாதமாகக் கேளுங்கள்.

அமைப்புகள்: எஃப்/8 முதல் எஃப்/11 வரை. அதற்கு மேல் எஃப்/16, எஃப்/22 என்று மூடினால் ஒளியின் விளிம்பு விளைவால் மொத்தப் படமும் மென்மையாகிவிடும். பெரிய பிரிண்ட்டில் அது பளிச்சென்று காட்டிக் கொடுக்கும். ஷட்டர் 1/160 நொடிக்குக் குறையாமல் இருக்கட்டும், ஏனென்றால் டிரைபாட் கேமராவைத்தான் பிடித்து நிறுத்தும், பிள்ளைகளை நிறுத்தாது. எட்டு வரிசை என்றால் மூன்றாம் வரிசைக் கண்களில் ஃபோகஸ் வைத்து, திரையில் பெரிதாக்கிப் பார்த்து, கைமுறைக்கு மாற்றிப் பூட்டிவிடுங்கள். ரா ஃபைலாக எடுங்கள். முதல் படம் எடுத்ததும் நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பார்க்காமல் கூட்டத்தைக் கலைய விடாதீர்கள்.

இமைப்புக்கும் கணக்கு இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ ஆய்வு நிறுவனத்தில் பியர்ஸ் பார்ன்ஸ், நிக் ஸ்வென்சன் இருவரும் யாரும் கண் மூடாத படம் கிடைக்க எத்தனை முறை எடுக்க வேண்டும் என்று கணக்கிட்டு, 2006இல் கணிதத்துக்கான இக் நோபல் பரிசைப் பெற்றார்கள். இருபது பேருக்குக் குறைவான குழு என்றால், நல்ல வெளிச்சத்தில் ஆள் எண்ணிக்கையை மூன்றால் வகுக்கலாம். வெளிச்சம் மோசமானால் இரண்டால். ஐம்பது பேரைத் தாண்டினால் ஒரே படத்தில் எல்லாக் கண்களும் திறந்திருக்கும் என்று நம்பவே வேண்டாம். அதற்காகத்தான் டிரைபாட். கேமரா அசையாமல் பதினைந்து இருபது படம் எடுத்துக்கொண்டால், மூடிய கண்ணுக்கு அதே ஆளின் திறந்த கண்ணை வேறொரு படத்திலிருந்து அச்சுப் பிசகாமல் எடுத்துப் பொருத்தலாம். “எல்லாரும் கண்ணை மூடுங்க, மூணு சொன்னதும் திறங்க” என்ற பழைய உத்தியும் நன்றாக உதவும்.

ஐந்நூறு, ஆயிரம் பேர் என்றால் ஒரே ஃபிரேம் போதாது. துண்டு துண்டாக எடுத்து ஒட்ட வேண்டும். 2009 ஜனவரியில் ஒபாமா பதவியேற்ற விழாவை டேவிட் பெர்க்மன் என்ற புகைப்படக்காரர் கையடக்கமான கேனன் ஜி10 கேமராவில் 220 படங்களாக எடுத்து, 1,474 மெகாபிக்சல் கொண்ட ஒரே படமாக ஒட்டினார். கேமராவைத் திருப்ப இயந்திரத் தலை ஒன்றைப் பயன்படுத்தினார். நமக்கு அவ்வளவு வேண்டாம். கேமராவைச் செங்குத்தாகத் திருப்பி நான்கைந்து துண்டுகள், ஒன்றின் மேல் ஒன்று மூன்றில் ஒரு பங்கு படியும்படி எடுத்தால் போதும். ஒட்டும் கோடு ஆட்களுக்கு இடையே உள்ள சந்தில் விழ வேண்டும், முகத்தில் விழக்கூடாது. ஒரு துண்டு எடுக்கப்படும்போது மற்ற துண்டில் இருப்பவர்களும் அசையாமல் நிற்க வேண்டும் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள்.

படம் எடுத்த கையோடு, கலையுமுன், கைபேசியில் வரிசை வரிசையாக வீடியோ எடுத்தபடி ஒவ்வொருவரையும் பெயர் சொல்லச் சொல்லுங்கள். இடமிருந்து வலம் அச்சாகப் போகும் பெயர்ப் பட்டியலுக்கு இதுதான் ஆதாரம். இனிஷியல் மாறிய பெயருக்காக மொத்தப் பிரிண்ட்டையும் திரும்பப் போடும் நிலை இந்தத் தொழிலில் சாதாரணம். பட்டியலைப் பள்ளியில் திருத்தி, கையொப்பம் வாங்கிய பிறகே லேப்புக்கு அனுப்புங்கள்.

லேப்பில் முழுப் பிரிண்ட்டுக்கு முன் ஒரு துண்டு போட்டுப் பார்க்கக் கேளுங்கள்: பின்வரிசையின் ஓர் ஓரம், இறுதி அளவிலேயே, எட்டுக்குப் பன்னிரண்டு அங்குலத் தாளில். அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, வாங்குபவர் பார்க்கும் அதே கிட்டத்தில் பாருங்கள். கருத்த முகங்கள் இருண்டு போயிருந்தால் நிழல் பகுதியைச் சற்று உயர்த்தி மறுபடி ஒரு துண்டு. அதன் பிறகு எண்ணிக்கையைச் சொல்லுங்கள். ரா ஃபைல்களை இரண்டு வேறு வட்டுகளில் வைத்திருங்கள். பழைய மாணவர் சந்திப்பு என்று பத்து வருடம் கழித்து அதே படத்தைக் கேட்டு வருவார்கள், அப்போது ஃபைல் கையில் இருக்கிறவருக்கே அந்த வேலை.